ஏரியலை மாற்றும் முன் அளவுகோலை எடுங்கள்

பழைய காரின் வானொலியில் இரைச்சல் வந்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய்ப் புது ஏரியல் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறோம். ‘அப்கிரேட்’ செய்துவிட்டோம் என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். நானும் ஒருமுறை அதைத்தான் செய்தேன். வகுப்பில் அலைநீளம் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, வெளியே வந்ததும் அதை மறந்து போனது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்திலிருந்து பிறந்த கருத்து ஒன்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்: அளந்து பார்க்காமல் செய்யும் மாற்றத்துக்கு மேம்பாடு என்று பெயர் வைக்கக்கூடாது.

கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பாவிடம் பழைய மாஸ்டா ரோட்ஸ்டர் கார் ஒன்று உண்டு. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடக்கி வைக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். 1989-இல் அறிமுகமாகி, பல நாடுகளில் எம்எக்ஸ்-5 என்ற பெயரில் விற்ற அதே வகைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரையைத் திறந்துவிட்டு, மின்னல் எப்எம் கேட்டுக்கொண்டே பசியாறப் போவது அவருக்கு வழக்கம். சில மாதங்களாகப் பாட்டுக்கு நடுவே இரைச்சல் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிப் பரிசாக இருக்கட்டும் என்று நாற்பத்தைந்து வெள்ளிக்குப் புது ஏரியல் வாங்கினேன். விரல் நீளம்தான் இருக்கும், கறுப்பு நிறம், பார்க்க அழகு. ‘அதிக ஈர்ப்புத் திறன்’ என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். பழைய நீளக் கம்பியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன்.

மறுவாரம் சித்தப்பா அழைத்தார். “தம்பி, பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா பாட்டுக்குப் பதிலா அப்பளம் பொரியுதுப்பா” என்றார். அவர் கோபப்படவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் சங்கடமாகப் போய்விட்டது.

இப்போது நீங்கள் ஒரு கணக்குப் போடுங்கள். அலையின் வேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கி வருவது. நான்காம் படிவ இயற்பியலில் இது உங்களுக்குப் பாடம். வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்கிறது. அதாவது நொடிக்கு ஏறக்குறைய 30 கோடி மீட்டர். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எப்எம்மின் அதிர்வெண் 96.3 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ 96.3-ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 3.1 மீட்டர் என்று வரும். உலோகப் பரப்பின் மேல் நிற்கும் கம்பி, அலைநீளத்தில் கால் பங்கு நீளம் இருந்தால் அந்த அலைக்கு மிக நன்றாக ஒத்திசைகிறது. 3.1 மீட்டரில் கால் பங்கு 78 சென்டிமீட்டர்.

கழற்றிப் போட்ட பழைய கம்பியை எடுத்து அளந்தேன். முக்கால் மீட்டரை ஒட்டி இருந்தது. பல பழைய கார்களில் கம்பி அந்த நீளத்தில் நிற்பது அலங்காரத்துக்காக அல்ல, நீங்கள் இப்போது போட்ட அதே கணக்குக்காகத்தான். நான் வாங்கிய புது ஏரியலோ 8 சென்டிமீட்டர். வெறும் நேர்க்கம்பியாக இருந்தால், 8 சென்டிமீட்டர் கம்பியில் எழும் மின்னழுத்தம் 78 சென்டிமீட்டர் கம்பியில் எழுவதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. குட்டை ஏரியல்களின் உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றி வைத்து ஒத்திசைவை ஓரளவு ஈடுகட்டப் பார்க்கிறார்கள். ஆனாலும் நீளக் கம்பி பிடிக்கும் அளவை அது எட்டுவதில்லை. சிறிய வாளியை மழையில் வைத்தால் சிறிதளவு நீர்தான் சேரும். வாளியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் அதுதான் நிலை.

சரி, நீளக் கம்பி இருந்தபோதே இரைச்சல் வந்ததே, அது ஏன்? இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலேயே கடைக்குப் போனதுதான் என் உண்மையான தவறு.

இங்கே மார்க்கோனியை நினைத்துக்கொள்ளுங்கள். 1895-இல் இத்தாலியில் தம் வீட்டில் சோதனை செய்தபோது, கருவியின் ஒரு முனையை உயரத் தூக்கி வைத்து மறுமுனையை மண்ணோடு இணைத்தார். சைகை முன்பைவிட வெகுதூரம் போனது. அப்படியானால் ஏரியல் என்பது மேலே தெரியும் கம்பி மட்டும் அல்ல. கீழே இருக்கும் நிலமும் அதில் பாதி. காரில் அந்த நிலத்தின் வேலையைச் செய்வது இரும்பு உடல். கம்பியின் அடிப்பகுதி காரின் உடலோடு நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொடர்பு கெட்டால் ஏரியலில் பாதி போனது போலத்தான்.

ஏரியலிலிருந்து வானொலிக்குப் போகும் கேபிளில் நடுவே ஒரு கம்பியும், அதைச் சுற்றிப் பின்னிய கம்பிவலையும் இருக்கும். நடுக்கம்பி ஏரியல் கம்பியோடு சேர்கிறது. வலை காரின் உடலோடு சேர்கிறது. பழைய கம்பியைத் திரும்ப மாட்டி, வானொலியிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, பள்ளி ஆய்வகத்தில் நாம் பயன்படுத்துவதைப் போன்ற ஒரு மல்டிமீட்டரால் மூன்று இடங்களில் மின்தடையைப் பார்த்தேன்.

முதலாவது, ஏரியல் கம்பிக்கும் கேபிளின் நடுமுனைக்கும் இடையே. பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும், வந்தது. இரண்டாவது, நடுமுனைக்கும் வலைக்கும் இடையே. அங்கே தொடர்பே இருக்கக்கூடாது, இல்லை. மூன்றாவது, வலைக்கும் காரின் உடலுக்கும் இடையே. அங்கேயும் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். ஆனால் எண் நிலையாக நிற்கவில்லை. கம்பியை லேசாக அசைத்தால் ஏறியது, இறங்கியது. அடியில் இருந்த நட்டைக் கழற்றிப் பார்த்தேன். வாஷருக்குக் கீழே முழுவதும் துரு. காரைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பது ஆண்டு வெயிலும் மழையும் செய்த வேலை அது.

இரண்டு வெள்ளிக்கு உப்புத்தாள் வாங்கி, துருவைத் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு நட்டை இறுக்கினேன். மீட்டரில் எண் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. வானொலியைப் போட்டால் பாட்டு மட்டும்தான் வந்தது. நாற்பத்தைந்து வெள்ளி கெடுத்ததை இரண்டு வெள்ளி சரிசெய்தது!

“சார், புதிய கார்களில் கூரையின் மேல் சுறாத் துடுப்பு மாதிரி சின்ன ஏரியல்தானே இருக்கிறது? அது மட்டும் எப்படி வேலை செய்கிறது?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. புதிய கார்களில் ஏரியலையும், அதன் அருகிலேயே ஒரு மின்பெருக்கியையும், வானொலியையும் சேர்த்தே வடிவமைக்கிறார்கள். சில கார்களில் கண்ணாடிக்குள் ஓடும் மெல்லிய கம்பிகளும் ஏரியலாக வேலை செய்கின்றன. அந்த ஏற்பாட்டிலிருந்து துடுப்பை மட்டும் தனியே எடுத்துப் பழைய காரில் ஒட்டினால் அதே பலன் எப்படிக் கிடைக்கும்?

பெருக்கியை மட்டும் வாங்கிப் பொருத்தினால் போதாதா என்றும் கேட்பீர்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இடைவேளையின்போது உங்கள் தோழி மெதுவாகப் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். தோழியின் குரலோடு சுற்றியிருந்த சத்தமும் சேர்ந்தே கூடும். பெருக்கியும் அப்படித்தான். ஏரியல் பிடித்துக் கொடுத்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

ஏரியலால் தீராத குறைகளும் உண்டு. ஜப்பானில் எப்எம் ஒலிபரப்பு 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அந்நாட்டுக்கென்று செய்த பழைய கார் வானொலிகள் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். நம் நாட்டிலோ 87.5 முதல் 108 வரை. அங்கிருந்து வந்த பழைய ரீகண்டிஷன் காரில் அந்த வானொலியே இன்னும் இருந்தால், எத்தனை நல்ல ஏரியல் பொருத்தினாலும் 96.3 நேரடியாகக் கிடைக்காது. வானொலியை மாற்ற வேண்டும், அல்லது அதிர்வெண்ணை இறக்கிக் கொடுக்கும் கருவியை இடையில் பொருத்த வேண்டும். அதுபோல எப்எம் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. காராக் நெடுஞ்சாலையில் மலை மறைக்கும் வளைவுகளில் ஒலி மங்கினால், அதற்கு ஏரியலைக் குறை சொல்லிப் பயனில்லை.

“கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்கலாமே, இந்தக் காலத்தில் வானொலி எதற்கு?” என்பார்கள் சிலர். 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தபோது பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நேரத்தில், காரின் பேட்டரியில் ஓடும் வானொலி வழியாகச் செய்தி கேட்க முடியும். அன்றைக்கு அதில் அப்பளம் பொரிந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இதை நான் ஏரியலுக்காக மட்டும் எழுதவில்லை. வைஃபை வேகத்தைக் கூட்டும் ஸ்டிக்கர், பெட்ரோலை மிச்சப்படுத்தும் கருவி என்று எத்தனையோ பொருள்கள் உங்களிடம் விற்பனைக்கு வரும். பெட்டியின் மேல் இருக்கும் சொற்களை நம்பி வாங்குவதற்கு அறிவியல் தேவையில்லை. வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்பதற்குத்தான் அது தேவை. குறை எங்கே இருக்கிறது? அதை எந்த எண்ணால் அளப்பேன்? மாற்றிய பிறகு அந்த எண் உண்மையிலேயே மாறியதா? இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் தேர்வில் எத்தனை ‘ஏ’ வாங்கினாலும், கடை வாசலில் நாம் ஏமாறத்தான் செய்வோம். நான் ஏமாந்ததைப் போல.

இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். வீட்டில் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, காரின் ஏரியலை அளவுகோலால் அளந்து பாருங்கள். நீங்கள் கேட்கும் வானொலியின் அதிர்வெண்ணுக்குக் கால் அலைநீளம் எவ்வளவு என்று கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வெகுவாக மாறுபட்டால், ஏன் என்று தேடுங்கள்.

அந்தக் குட்டை ஏரியல் இப்போது என் மேசையில் இருக்கிறது. அலைகள் பாடம் நடத்தும்போது அதையும் ஓர் அளவுகோலையும் மாணவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். சித்தப்பா மட்டும் பார்க்கும்போதெல்லாம், “என்ன வாத்தியாரே, இந்தத் தீபாவளிக்கு என்ன வாங்கித் தரப் போறீங்க?” என்று கேட்டுச் சிரிக்கிறார்.