பிரேக் பிடிச்சாத்தான் பறக்கலாம்!

சீட் இல்லாத சைக்கிள் ஒன்று இருக்கிறது, தெரியுமோ? திருட்டுப் போனதல்ல. கம்பெனிக்காரனே அப்படித்தான் செய்து விற்கிறான். கியர் கிடையாது. மட்கார்டு, ஸ்டாண்டு, பெல், கேரியர் ஒன்றும் கிடையாது. காசை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கிறான். பேர்: டிரையல்ஸ் பைக்.

இதில் யாரும் ஆபீஸ் போவதில்லை. பாறை, மரக்கட்டை, சிமெண்ட் திண்டு, ஆளுயரச் சுவர் என்று வழியில் எதை வைத்தாலும், காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிளோடு தாவித் தாவி ஏறிப் போக வேண்டும். கால் ஊன்றினால் ஒரு தப்பு. அப்படித் தப்பு ஐந்தைத் தொட்டால் அந்த ரவுண்டு காலி. உட்கார நேரம் ஏது? அதனால்தான் சீட் இல்லை.

இது ஸ்பெயின் தேசத்துக் குழந்தை. மான்டெஸா மோட்டார் சைக்கிள் கம்பெனியில் இருந்த பேரே பீ என்கிற வீரர், தன் மகன் ஓட்டு பீ பழகுவதற்காக ஒரு குட்டி சைக்கிள் செய்யப் போக, அதிலிருந்து ஒரு விளையாட்டே கிளம்பிவிட்டது. மகன் பிற்பாடு பல தடவை உலக சாம்பியன். உலகப் போட்டி 1986-லிருந்து நடக்கிறது. ஆனாலும் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது 2009-ல்தான். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்த டேனி மெக்காஸ்கில், ஈட்டி முனை வைத்த இரும்பு வேலி மேல் சைக்கிள் ஓட்டிய வீடியோவை யூடியூபில் போட்டார்கள். அப்புறம் கேட்கணுமா!

அதே எடின்பரோவில் வேலை பார்க்கிற என் சித்தப்பா பையன் போன மாசம் எனக்கு ஒரு லிஸ்ட் அனுப்பினான். "அண்ணா, டிரையல்ஸ் பைக் ஒண்ணு சேர்க்கப் போறேன். நீங்கதான் காமர்ஸ் படிச்சவர். பட்ஜெட் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

லிஸ்ட்டைப் பார்த்தேன். கார்பன் ஃபோர்க், டைட்டானியம் போல்ட், தங்கக் கலரில் செயின், ஓட்டை போட்ட ரிம்... கல்யாணச் சீர் லிஸ்ட் தோற்றது. கடைசி வரியில், பென்சிலால் எழுதின மாதிரி அடக்கமாக: "பிரேக் - ஏதாவது ஒண்ணு."

அந்த 'ஏதாவது ஒண்ணு'தான் இந்த வாரச் சமாசாரம்.

உங்களுக்கும் எனக்கும் பிரேக் என்றால் நிற்பதற்கு. பஸ்ஸுக்கு முன்னால், மாமனாருக்கு முன்னால், டிராஃபிக் போலீசுக்கு முன்னால். டிரையல்ஸ்காரனுக்கு பிரேக் என்பது தரை. பின் சக்கரத்தில் மட்டும் நின்றுகொண்டு, முன் சக்கரத்தை ஆகாசத்தில் தூக்கி வைத்திருக்கிறானே, அந்த நேரத்தில் அவனைப் பூமியோடு கட்டிப்போட்டிருப்பது ஒரே ஒரு விரலால் அழுத்திய பின் பிரேக்தான். பிரேக்கை விடுகிறான், பெடலை ஒரு உதை, எதிர்ச் சுவருக்குத் தாவுகிறான், இறங்கின மாத்திரத்தில் மறுபடி பிரேக். எல்லாம் ஒரு கண் சிமிட்டலில். சக்கரம் ஓர் அங்குலம் வழுக்கினால் ஆசாமி பின்னால் போய் முதுகில் விழுவான். அல்லது சுவர் விளிம்பில் தாடையை வைப்பான். 'ஏதாவது ஒண்ணு' போதுமா?

சரி, என்ன பிரேக்? இரண்டு கட்சி இருக்கிறது: ரிம் பிரேக், டிஸ்க் பிரேக்.

ரிம் பிரேக் என்றதும் கம்பி இழுக்கிற நம் பழைய சைக்கிள் பிரேக்கை நினைக்காதீர்கள். இது எண்ணெயில் வேலை செய்கிற ஹைட்ராலிக் சங்கதி. ஜெர்மனியின் மகுரா கம்பெனி 1987-ல் சைக்கிளுக்கு இதைக் கொண்டுவந்தது. அவர்களுடைய எச்.எஸ்.33 மாடல் டிரையல்ஸ்காரர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. டிஸ்க் கட்சிக்கு இங்கிலாந்தின் ஹோப் கம்பெனி; டிரையல்ஸுக்கென்றே தனி பிரேக் செய்கிறது.

கணக்குப் பார்ப்போம். 20 அங்குலச் சக்கரத்தின் ரிம், நடுவிலிருந்து சுமார் 200 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 160 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்போ 80 மில்லிமீட்டர்தான். கதவைக் கைப்பிடிப் பக்கம் தடுப்பது சுலபமா, கீல் பக்கம் தடுப்பது சுலபமா? அதே கதைதான். ரிம் பிரேக் செய்கிற வேலையை டிஸ்க் செய்ய வேண்டுமென்றால் இரண்டரை மடங்கு இறுக்கிப் பிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, டிஸ்க்கின் பிரேக் கட்டைகள் தங்கள் கூட்டுக்குள் துளி ஆட்டம் ஆடும். ரோட்டில் போகிறவனுக்கு அது தெரியாது. பின் சக்கரத்தில் நின்று முன்னும் பின்னும் அசைகிறவனுக்கு 'கடக்' என்று வயிற்றில் கேட்கும்.

அதற்காக டிஸ்க்கைத் தள்ளிவிட வேண்டாம். ரிம் கல்லில் மோதிப் பெண்டானால் ரிம் பிரேக் கோபித்துக்கொள்ளும்; டிஸ்க் கண்டுகொள்ளாது. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்கிற நெளிவுசுளிவும் டிஸ்க்கில் அதிகம். ஆகவே பல பேர் பின்னால் ரிம், முன்னால் டிஸ்க் என்று கூட்டணி ஆட்சி நடத்துகிறார்கள். புதிதாகப் பழகுகிறவனுக்கு நல்ல ஏற்பாடு. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: மகுராவுக்கு மினரல் ஆயில், ஹோப்புக்கு டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் உப்பி, பிரேக் பரலோகம்.

அடுத்துதான் தமாஷ். ஆசை ஆசையாகப் புது ரிம் வாங்கிவந்து, முதல் காரியமாகக் கிரைண்டிங் மெஷினை வைத்து அதன் பக்கவாட்டைக் கீறுகிறார்கள்! அம்மிக்குக் கொத்துப் போடுகிற மாதிரி. வழவழ ரிம்மில் பிடி கிடைக்காதாம். கீறின பிறகு மழையில் நனைந்தாலும் விடாது. என்ன, கத்துகிற கத்தலில் பக்கத்துத் தெரு எழுந்துவிடும். பிரேக் கட்டையும் சீக்கிரம் தேயும். கீற மனசு வராத ஜாதி ஒன்று உண்டு. அவர்கள் ரிம்மில் தாரைத் தேய்த்துக்கொள்கிறார்கள். ரோடு போடுகிற அதே தார்தான்!

பிரேக் இப்படி இறுக்கும்போது ஃப்ரேமின் இரண்டு தண்டுகளும் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அதைத் தடுக்க லாடம் மாதிரி ஒரு தகடு உண்டு. பூஸ்டர் என்று பேர். சின்னச் செலவு, பெரிய பலன். பையன் லிஸ்ட்டில் அது இல்லவே இல்லை.

பிரேக்குக்கு அப்புறம் ஃப்ரீவீலும் செயினும். டிரையல்ஸ் பைக்கில் ஃப்ரீவீல் பெரும்பாலும் பின் சக்கரத்தில் இருக்காது. பெடல் பக்கம் இருக்கும். ஒரு சுற்றில் 18 இடத்தில் பிடிக்கிற ஃப்ரீவீல் என்றால், மிதித்தபின் 20 டிகிரி வரை பெடல் சும்மா சுற்றலாம். 72 இடமென்றால் 5 டிகிரி. 108 என்றால் மூன்றே சொச்சம். தாவுகிற நேரத்தில் கால் காற்றை மிதித்தால் ஆள் சுவருக்குப் போக மாட்டான், பள்ளத்துக்குத்தான் போவான். செயினும் அப்படித்தான். முழு பலத்தோடு உதைக்கும்போது அறுந்தால் முழங்கால் போய் ஹேண்டில்பாரில் முட்டும். தங்கக் கலர் அப்போது சாட்சிக்குக்கூட வராது.

லிஸ்ட்டைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்பினேன். முதலில் பிரேக், பூஸ்டர், பிரேக் கட்டை. இரண்டாவது ஃப்ரீவீல், செயின். மூன்றாவது நல்ல பின் டயர். டைட்டானியம் போல்ட் எல்லாம் கடைசி. சைக்கிளில் 100 கிராம் குறைக்கக் காசு கொடுப்பதற்கு முன்னால், பிரியாணியில் ஒரு கிலோ குறைக்கலாம்; அதற்குக் காசு மிச்சம்.

"இன்னொரு யோசனை, தம்பி. உதிரி உதிரியா வாங்கிச் சேர்த்தா, ஒவ்வொரு சாமானுக்கும் முழு விலை. யாராவது ஆசை தீர்ந்து விற்கிற முழு வண்டியைப் பாரு. வாங்கறதுக்கு முன்னால பின் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் பலமாத் தள்ளிப் பாரு. சக்கரம் அசைஞ்சா விலையைக் குறை. ஃப்ரேம்ல கீறல், விரிசல் தெரிஞ்சா திரும்பிப் பார்க்காம வந்துடு."

காமர்ஸில் எங்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள்: லாபம் வருகிற இடத்தில் போடுவதற்கு முன், நஷ்டத்தைத் தாங்குகிற இடத்தில் போடு. முதல் சம்பளத்தில் மோட்டார் பைக் வாங்கி, சைலன்சர் மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டி, பிரேக் கட்டை தேய்ந்ததை மட்டும் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று ஓட்டுகிற என் ஆபீஸ் சிநேகிதர்களுக்கும் இதேதான். எல்லாப் பார்ட்டும் கடையில் கிடைக்கும் சார். முன் பல்லுக்கும் கிடைக்கும். ஆனால் ஒரிஜினல் கிடைக்காது!