கொடுப்பதா, வளர்ப்பதா? அவள் சொல்லட்டும்

கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிப் பழகிய ஊர்த்தெருப் பையனுக்கு, சேரிப் பெண்ணின் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த பிறகுதான் சாதி நினைவுக்கு வருகிறது. அவள் வீட்டிலோ பயம். வெளியே தெரிந்தால் மானம் போகும். போலீசுக்குப் போனால் ஊர்க்காரர்கள் வயலில் கிடைக்கும் கூலியும் போகும். "சத்தமில்லாம பெத்து யாருக்காவது குடுத்துடு" என்று எல்லோரும் கூடி முடிவெடுக்கிறார்கள். அவளை யாரும் கேட்பதில்லை. களப்பணியில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

தத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. எல்லா வழியும் தெரிந்து ஒரு பெண் அதைத் தேர்ந்தெடுத்தால் அது அவள் உரிமை. மற்ற வழிகளை மறைத்துக் கையெழுத்து வாங்கினால் அது பறிமுதல்.

ஆகவே தோழர்களே, அப்படி ஒரு பெண் உங்களிடம் வந்தால் இவற்றைச் சொல்லுங்கள்.

கருவைக் கலைக்க விரும்பினால், 18 வயது நிரம்பியவளுக்கு வேறு யார் சம்மதமும் வேண்டாம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். 24 வாரம் வரையிலான அனுமதி கல்யாணமாகாத பெண்களுக்கும் உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வளர்க்க விரும்பினால், பிறப்புச் சான்றிதழுக்குத் தந்தை பெயர் கட்டாயமில்லை. இது 2015 தீர்ப்பு. குடும்பம் கைவிட்ட தாய், பிள்ளைக்காக மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.

கொடுக்க விரும்பினால், குழந்தைகள் நலக் குழுவிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கல்யாணமாகாதவள் என்றால் அவள் கையெழுத்தே போதும். அதன்பின் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்க, இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு மாதம் தருகிறது. இந்த இரண்டு மாதம் பற்றி நான் சந்தித்த பெண்களில் பலருக்குத் தெரியாது.

"நல்ல இடம் இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்று வருபவர்களை நம்பவிடாதீர்கள். ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளை விலைபேசி விற்றது 2019இல் ராசிபுரத்தில் அம்பலமானது. புரோக்கரிடம் பத்திரமும் இல்லை, அவகாசமும் இல்லை.

ஆணவக் கொலை நடந்தால் நாம் தெருவில் இறங்குகிறோம். உயிரோடு கைவிடப்பட்டவளோடு ஆஸ்பத்திரிக்குப் போக நம்மிடம் ஆள் இல்லை. அவள் தங்க ஓர் இடம், துணைக்கு ஒரு பெண் தோழர், ரகசியம் காக்கும் நாலு பேர். ஒவ்வொரு கிளையும் இதை இப்போதே ஏற்பாடு செய்து வைக்கட்டும்.