டீசல் டேங்கில் கடல் ஈரம்

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை மணலில் ஏற்றி வைக்கப்படும் ஃபைபர் படகுகளில் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டால், பழி எஞ்சின்மீதே விழுகிறது. பல வேளைகளில் குற்றவாளி டேங்கில் புகுந்த தண்ணீர்!

பாதி காலியான டேங்கின் மிச்ச இடத்தை உப்பங்காற்று நிரப்புகிறது. இரவில் டேங்க் குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் துளியாகிறது. டீசலைவிடக் கனமான நீர் அடியில் தங்கி, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து, பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுக்கிறது. டேங்கைச் சுற்றித் திணித்த ஈரச் சாக்கு வெளியிலிருந்து அரிக்கிறது.

பரிகாரம் எளிது. சாக்கை அகற்றிக் காற்றோட்டம் விட வேண்டும்; காற்றுக்குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும்; வெளிப்புறத்தை நன்னீரால் கழுவ வேண்டும்; கடலுக்குப் போகுமுன் அடிநீரை வடிக்க வேண்டும்; கரை திரும்பியதும், விரிவுக்குச் சற்று இடம் விட்டு, டேங்கை நிரப்ப வேண்டும்.

நிரப்பப் பணம் எங்கே? அன்றாடம் மீன் விற்று அன்றாடம் டீசல் வாங்குபவருக்கு இது வெறும் உபதேசம். மோட்டார் படகுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசல் 4,400 லிட்டராக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் வரி போனாலும் விலையை முன்கூட்டிக் கட்ட வேண்டுமே!

ஆகவே, கூட்டுறவுச் சங்கம் மூலம் ஒரு டேங்க் டீசலுக்குக் கடன், குப்பந்தோறும் கரையில் நன்னீர்க் குழாய், நீர் பிரிக்கும் வடிகட்டிக்கு மானியம் ஆகிய மூன்றையும் அரசாங்கம் வழங்க வேண்டும் எனக் கோருகிறோம். மீனவத் தோழர்களே, சங்கக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக்குங்கள்! நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ஆபத்து உயிருக்கு. கரையில் குழாய் போடும் செலவோ அற்பம்.