நடுவருக்கு ஒரு மெடல், பசங்களுக்கு ஒரு ஓட்டு

புத்தகத்தோட போட்டி, பரிசு, ரேங்க் எல்லாம் சேர்ந்தாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. பிரிட்டன் பள்ளிக்கூடங்கள்ல கார்னகி மெடலைச் சுத்தி நடக்கற 'ஷேடோயிங்' மட்டும் விதிவிலக்கு.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 1936-ல் ஆரம்பிச்ச பரிசு இது. சிறுவர், இளையோர் புத்தகங்களுக்கு அந்த ஊர் நூலகர்கள் கொடுக்கறது. வருஷா வருஷம் இறுதிப் பட்டியல் வெளியானதும், ஆயிரக்கணக்கான வாசிப்புக் குழுக்கள் அதே ஏழெட்டு புத்தகங்களைக் கையில் எடுக்குது. கதை, பாத்திரங்கள், நடைன்னு நடுவர்கள் பார்க்கற அதே அளவுகோலை வச்சு பசங்களும் அலசறாங்க, கடைசியில் ஓட்டுப் போடறாங்க. அந்த ஓட்டுக்குத் தனிப் பரிசு. மெடலை அது மாத்தாது.

"அப்ப எதுக்குய்யா ஓட்டு? குழந்தைகள் புத்தகத்துக்குக் குழந்தைகள்தானே நீதிபதி?" நியாயமான கேள்விதான். ஆனாலும் ரெண்டும் தனித்தனியா இருக்கறதுதான் சரின்னு நான் சொல்வேன்.

2023-ல் மெடல் வாங்கினது 'தி ப்ளூ புக் ஆஃப் நெபோ'. வேல்ஸ் மொழியில் எழுதின மனோன் ஸ்டெஃபான் ராஸ் தானே இங்கிலீஷுக்குக் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பு ஒண்ணுக்கு இந்த மெடல் கிடைச்சது அதுதான் முதல் தடவை. பசங்க தேர்ந்தெடுத்ததோ ரூட்டா செப்பெட்டிஸ் எழுதின 'ஐ மஸ்ட் பிட்ரே யூ'. 1989 ருமேனியா, ரகசிய போலீஸுக்கு உளவு சொல்ல மிரட்டப்படற ஒரு பையன். விறுவிறுன்னு போகும். யார் சரி? ரெண்டு பேருமேதான். இந்த ரெண்டையும் கூட்டி ஒரே ஸ்கோர் ஆக்கினா, நமக்குக் கிடைக்கறது ஒரு நம்பர். சண்டை போய்டும். எனக்கு அந்தச் சண்டைதான் முக்கியம்.

1997-ஐ எடுத்துக்குங்க. முதல் ஹாரி பாட்டர் பட்டியலில் இருந்தும், மெடல் டிம் பவுலரின் 'ரிவர் பாய்'க்குப் போச்சு. சாகக்கிடக்கற தாத்தா, நீச்சல் அடிக்கற பேத்தி. பாட்டருக்கு மெடலே தேவைப்படலை :-) தானா கை போகாத புத்தகத்தைக் கையில் திணிக்கறது நூலகரோட வேலை. படிச்சுட்டு "செம போர், ஏன்னா..."ன்னு சொல்றது பசங்களோட உரிமை. அந்த 'ஏன்னா'வுக்கு அப்புறம் வர்றதுதான் வாசிப்பு.

2014-ல் கெவின் புரூக்ஸின் 'தி பங்கர் டைரி' ஜெயிச்சப்ப பெரியவங்க சிலர் குதிச்சாங்க. கடத்தப்பட்ட பையன், பூமிக்கடியில் சிறை, நம்பிக்கைக்கு இடமே இல்லாத முடிவு. பசங்களுக்கு இது தேவையான்னு கேட்டாங்க. தனியா ராத்திரி படிச்சா பயம்தான். பத்துப் பேரோட உட்கார்ந்து பேசறதுக்கு இதைவிட நல்ல புத்தகம் எது?

என்னை உறுத்தறது வேற விஷயம். இந்தக் குழுக்களைப் பெரும்பாலும் நடத்தறது பள்ளி நூலகர். இங்கிலாந்துல சிறைக்கு நூலகம் கட்டாயம்னு விதி இருக்கு, பள்ளிக்கு இல்லை. (திரும்பப் படிங்க, சரியாத்தான் எழுதியிருக்கேன்.) அப்ப "பசங்களோட தேர்வு"ங்கறது நூலகர் வாய்ச்ச பசங்களோட தேர்வு. ஓட்டுக்கு எவ்வளவு மதிப்புன்னு வாதாடறதை விட, ஓட்டே இல்லாதவன் யாருன்னு பார்க்கணும். மெடல் ஜெயிச்ச எழுத்தாளர் தனக்குப் பிடிச்ச நூலகத்துக்குக் கொடுக்கன்னு 500 பவுண்டுக்குப் புத்தகம் தர்றாங்க. நல்ல வழக்கம். பெட்டியைப் பிரிச்சு, ஒரு பையனைக் கூப்பிட்டு உட்கார வச்சு "இதைப் படிச்சுப் பாரு"ன்னு சொல்ற ஆளுக்கு மட்டும் அந்தக் காசு பத்தாது.