அப்பா பேசுவார்

காலை ஆறு மணிக்கு மைக்கைத் திறந்தால் பத்து மணிவரை எனக்கு வாய் ஓயாது. நேரம் சொல்ல வேண்டும், எந்தச் சாலையில் நெரிசல் என்று சொல்ல வேண்டும், பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் கிடைக்கிற நாற்பது விநாடியில் காரில் போகிற ஒருவரையாவது சிரிக்க வைக்க வேண்டும். பேசினால்தான் சம்பளம். அப்படிப்பட்ட நான், வியாழக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, ‘நான் வீட்டில் தமிழ் பேசுகிறேன்’ என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் எச்சில் விழுங்குகிறேன். இத்தாலிய மொழி வகுப்பு. சேர்ந்து ஐந்து மாதமாகிறது.

எதற்கு இத்தாலி என்று எல்லோரும் கேட்டாகிவிட்டது. அங்கே யாராவது பையன் இருக்கிறானா என்று அத்தை நேரடியாகவே கேட்டார். உண்மைக் காரணத்தை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அப்பா கிள்ளானில் முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். வாய் மூடாத மனுஷன். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் பரீட்சை, யார் வீட்டுப் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். நான் வானொலிக்குப் போனபோது, “பேச்சு என்கிட்டருந்து போனது, சம்பளம் மட்டும் உனக்கா?” என்று கேட்டவர். போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் இடப்பக்கம். காலும் கையும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது புரிகிறது. அவர் சொல்ல நினைப்பதுதான் வெளியே வருவதில்லை. “வண்டி” என்பார். “தண்ணி” என்பார். வண்டியை ஓட்டினேன் என்கிறாரா, ஓட்டணும் என்கிறாரா, வண்டியில் ஏதோ இருக்கிறது என்கிறாரா? சொல் வரும், அதன் வால் வராது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் முதல் நாளே எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: “அங்கிளுக்கு அறிவு குறையலைங்க. பாஷை தெரியாத ஊர்ல தனியா இறக்கி விட்ட மாதிரின்னு நினைச்சுக்குங்க.”

அம்மா தலையாட்டிக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாஷை தெரியாத ஊருக்குப் போக எனக்கு லீவு கிடையாது. இணையத்தில் தேடினேன். என் நேரத்துக்கு ஒத்து வந்தது இத்தாலிய வகுப்பு. இங்கே இரவு எட்டரை என்றால் பொலோஞ்ஞா நகரத்தில் இருக்கும் ஆசிரியைக்கு மத்தியானம் இரண்டரை. பீட்சாவைத் தவிர எனக்கு அந்த மொழியில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் சேர்ந்தேன்.

அவர் கொடுத்த முதல் வினைச்சொல் ‘பார்லாரே’. பேசுதல் என்று அர்த்தம். நான் கேட்டு வாங்கவில்லை. ‘ஆரே’ என்று முடியும் ஒழுங்கான வினைகளுக்கு மாதிரியாகப் பல பாடப்புத்தகங்கள் இதைத்தான் வைக்கின்றன. பார்லோ என்றால் பேசுகிறேன், பார்லி என்றால் பேசுகிறாய், பார்லா என்றால் பேசுகிறார். பிறகு பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ: பேசுகிறோம், பேசுகிறீர்கள், பேசுகிறார்கள். ‘நான்’, ‘நீ’ என்று முன்னால் சேர்க்க வேண்டியதில்லை. யார் என்று வினையின் வாலே சொல்லிவிடும், நம்மைப் போலவே.

இடைநிலைப் பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் என்று ஒன்றைப் படித்தோமே, நினைவிருக்கிறதா? பேசு, கிறு, ஏன் என்று ‘பேசுகிறேன்’ சொல்லைக் கோழியைப் பிரிப்பதுபோலப் பிரித்து, பகுதி, இடைநிலை, விகுதி என்று பெயர் எழுதுவோம். இது வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று அன்றைக்குக் கேட்டு ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருபது வருடம் கழித்து இத்தாலிய மொழிக்கு உதவுகிறது. ‘பார்ல்’ பகுதி, நடுவில் காலம், கடைசியில் ஆள். 1680-இல் வட இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இதே பாதையில் எதிர்ப்பக்கமிருந்து வந்தவர். நம் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணமே எழுதினார். ‘பேசுகிறேன்’ என்பதை முதல்முறை பிரித்துப் பார்த்தபோது அவருக்கு ஊர் ஞாபகம் வந்திருக்குமா என்று நெரிசலில் நிற்கும்போது யோசிப்பேன்.

ஆனால் பிரிக்கத் தெரிவது வேறு, பேசுவது வேறு. முதல் இரண்டு மாதம் எந்தக் கேள்விக்கும் மூல வடிவத்தைத்தான் சொன்னேன். ‘நான் பார்லாரே’, ‘அம்மா பார்லாரே’, எல்லோரும் பார்லாரே. அப்பாவின் ‘வண்டி’ போலத்தான், வால் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். பார்லோ, பார்லி, பார்லா என்று வாய்பாடு மாதிரி வரிசையாகச் சொன்னால் தடையில்லாமல் வருகிறது. நடுவிலிருந்து ஒன்றை மட்டும் எடு என்றால் திணறுகிறேன். அப்பாவும் அப்படித்தான். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தொடங்கிக் கொடுத்தால் சனிவரை ஓட்டிவிடுவார். “இன்னிக்கு என்ன கிழமைப்பா?” என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார். பழகிப்போன வரிசை பலருக்கு முதலில் திரும்பி வருமாம், பயிற்சியாளர் சொன்னார். இப்போது நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வீட்டுப்பாடம் செய்கிறோம். அவர் கிழமைகள், நான் பார்லாரே.

அந்த மொழியில் காது வைத்துப் பிழைக்கிறவளுக்குச் சில வேடிக்கைகள் உண்டு. ‘பார்லெரேமோ’ என்றால் பேசுவோம். ‘பார்லெரெம்மோ’ என்றால் முடிந்தால் பேசுவோம் என்கிற மாதிரி. வித்தியாசம் ஒரு மகர ஒற்று. வகுப்பில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தவிக்கிறார்கள். இலையும் இல்லையும் வேறு என்று தெரிந்த நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. பெருமைப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த வாரம் மாட்டிக்கொண்டேன். ‘பார்லோ’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் ‘நான் பேசுகிறேன்’. கடைசி அசையை அழுத்தினால் ‘அவர் பேசினார்’. எழுதும்போது கடைசி எழுத்தின் தலையில் ஒரு கோடு போடுவார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என் காதுக்கும் ஒன்றுதான். பத்து வருடம் வானொலியில் இருந்தும், யார் பேசியது என்று பிரித்துக் கேட்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அந்த இரண்டாவது ‘பார்லோ’ முடிந்துபோன காலத்துக்கு உரியது. கதைப் புத்தகத்தில் நிறைய வருமாம். பொலோஞ்ஞா மாதிரி வடக்கு ஊர்களில் பேச்சில் அது அநேகமாக இல்லை. பாட்டி எப்போதோ பேசியதைக்கூட ‘ஆ பார்லாத்தோ’ என்றுதான் சொல்வார்கள், நம்முடைய ‘பேசியிருக்கிறார்’ போல இரண்டு சொல் சேர்ந்தது. தெற்கே சிசிலியில் சற்று முன் நடந்ததையும் முடிந்துபோன காலத்தில் சொல்லிவிடுவார்களாம்.

காலங்களோடு விட்டார்களா? ‘மோதோ’ என்று ஒன்று இருக்கிறது. பேசுகிறவருடைய மனநிலை. உறுதியாகத் தெரிந்ததற்கு ஒரு வடிவம், கட்டளைக்கு ஒன்று, ‘செய்தால் செய்வேன்’ என்பதற்கு ஒன்று. நினைக்கிறேன், பயப்படுகிறேன், நம்புகிறேன் என்று தொடங்கினால் ‘கொன்ஜுன்தீவோ’ என்று இன்னொன்று. இத்தாலியர்களே அதில் தடுக்கி விழுவார்கள். 2018 சான்ரெமோ பாட்டு விழாவில் லொரென்சோ பல்யோனி என்பவர் இந்த இலக்கணத்தையே தலைப்பாக வைத்துப் பாடியிருக்கிறார். நமக்குப் பக்கத்தில் வருவது வியங்கோள்: ‘கே பார்லி’ என்றால் ‘பேசட்டும்’. வீட்டில் தினமும் நாங்கள் சொல்கிற சொல்தான். மெதுவா பேசட்டும், அவசரப்படுத்தாதீங்க.

நான் சொல்ல வந்தது போன மாதத்து வீட்டுப்பாடம். ‘உங்கள் சிறுவயதில் அப்பாவோ அம்மாவோ எப்படி இருந்தார்? ஐந்து வாக்கியம்.’ முன்பு வழக்கமாக நடந்ததைச் சொல்ல இத்தாலியத்தில் தனிக் காலம் இருக்கிறது. எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று கேட்காத இறந்தகாலம். பார்லாவோ, பார்லாவி, பார்லாவா. அதைத்தான் பழக வேண்டும். நான் தமிழில் யோசித்தேன்: ‘தினமும் காலையில் அப்பா பிள்ளைகளோடு பேசுவார்.’ பேசு, வ், ஆர். வ் எதிர்கால இடைநிலை. ஆகவே எதிர்காலத்தைப் போட்டு ‘பார்லெரா’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஆசிரியை அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, ஓரத்தில் கேட்டிருந்தார்: இது நடந்ததா, நடக்கப் போவதா?

வகுப்பில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தாலியம் வராததால் மட்டும் இல்லை. தமிழில் ‘அப்பா பேசுவார்’ என்றால் அது அந்தக் காலத்தில் பேசுவார் என்பதாகவும் இருக்கலாம், நாளைக்குப் பேசுவார் என்பதாகவும் இருக்கலாம். கால வழுவமைதி என்று பள்ளியில் ஒரே வரியில் கடந்து போனோம். சென்ற தீபாவளியிலிருந்து எங்கள் வீடு அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. உறவினர்களிடம், மருத்துவரிடம், அக்கம்பக்கத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், “அப்பா நல்லா பேசுவாரு” என்று. எந்தக் காலம் என்று யாரும் கேட்டதில்லை. நானும் முடிவு செய்ய வேண்டியிருந்ததில்லை. இத்தாலியத்தில் அந்த வசதி இல்லை. பார்லாவா அல்லது பார்லெரா. ஒன்றைத்தான் எழுத முடியும்.

பாதி ஆங்கிலம், பாதி இத்தாலியத்தில் எப்படியோ விளக்கினேன். ஆசிரியை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இரண்டு வாக்கியமாக எழுதுங்கள். மதிப்பெண் ஒன்றுதான்” என்றார். எழுதினேன். முதல் வாக்கியம் உடனே வந்தது. இரண்டாவதை எழுதிவிட்டு, அழித்து, மறுபடி எழுதினேன்.

போன சனிக்கிழமை அப்பா பஸ்ஸில் போன பையன் ஒருவன் பார்க்க வந்தான். பையன் என்ன, முப்பது வயது, சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். கையில் டுரியான். “அங்கிள் பேசுறாரா ஆன்ட்டி?” என்று வாசலிலேயே கேட்டான்.

“பேசுவாருப்பா, உள்ள வா” என்றார் அம்மா.

எந்தப் பேசுவார் என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்தது முகத்தில் தெரிந்தது. வாய் இரண்டு தடவை அசைந்தது. “பஸ்” என்றார். அவன் சிரித்துக்கொண்டே, “ஆமா அங்கிள், பஸ்” என்றான். அப்பா இல்லை என்று கையை ஆட்டினார். மறுபடி முயன்றார். நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“பஸ்... ல” என்றார். “பஸ்ல.”