காகமும் பசுவும்

11,000 வோல்ட் அபாயம் என்று மண்டையோட்டுப் பலகை தொங்கும் கம்பத்துக்கு மேலேயே, கம்பியில் சாவதானமாய் அமர்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும் காகத்தைப் பாராதவர் நம்மில் இல்லை. ஆயினும் அது ஏன் சாகவில்லை என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவனைக் கேட்டால், பௌதிகத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவன்கூடப் பெரும்பாலும் விழிக்கிறான். முடிவிலாத் தொலைவிலிருந்து ஓரலகு நேர் மின்னூட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்கச் செய்யும் வேலையே ஒரு புள்ளியின் மின்னழுத்தம் என்ற இலக்கணத்தை மட்டும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான்.

இலக்கணத்தில் குற்றமில்லை. காற்றாலையில் மாவரைத்து ஜீவனம் நடத்திய நாட்டிங்காம்வாசி ஜார்ஜ் கிரீன், 1828-ஆம் ஆண்டில் சந்தாதாரர்களின் உதவியால் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்துக்குப் பெயர் சூட்டிக் கணித வலிமையும் ஊட்டினார். (அவர் காலமான பிறகுதான் உலகத்துக்கு அதைப் படிக்க அவகாசம் கிடைத்தது.) என் ஆட்சேபம் போதனா முறையைப் பற்றியது. முடிவிலாத் தொலைவைப் பூஜ்யமாகக் கொள்வது கணக்கின் சௌகரியமே. மின்சாரத் தொழிலில் பூமியைப் பூஜ்யமாகக் கொள்கிறார்கள். எதைப் பூஜ்யமாகக் கொண்டாலும் மாறாமல் நிற்பது இரண்டு புள்ளிகளுக்கிடையேயான வேறுபாடு ஒன்றே. ஒரு கூலும் மின்னூட்டத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்த, எவ்வழியே சென்றாலும், ஒரு ஜூல் வேலை வேண்டுமாயின், அவ்விரண்டுக்கும் வேறுபாடு ஒரு வோல்ட். காகத்தின் கால்களிரண்டும் ஒரே கம்பியில் நெருங்கியிருப்பதால் அவற்றினிடையே சொல்லத்தக்க வேறுபாடில்லை; இறகு பக்கத்துக் கம்பியைத் தீண்டினாலோ, அக்கணமே அதன் ஆயுள் முடிகிறது.

பசுவின் விஷயம் இதனினும் கொடியது. மழையில் அறுந்து ஈர வயலில் விழுந்த கம்பியை மிதிக்காமலே, சில அடி தள்ளி நின்ற மாடு மடிந்ததென்று கேள்விப்பட்டு, இது விதியின் விளையாட்டென்று ஊரார் சொல்வதுண்டு. கம்பி தொடும் இடத்தில் உச்சத்திலிருக்கும் மின்னழுத்தம் விலக விலக மண்ணில் படிப்படியாய்க் குறைகிறது. முன்கால் ஓரிடத்தும் பின்கால் நெடுந்தூரம் தள்ளியும் ஊன்றிய பிராணியின் உடலோ அந்த வேறுபாட்டைத் தாங்கி, மார்பின் வழியே மின்சாரத்துக்குப் பாதை விடுகிறது. அத்தகைய இடத்தில் அகப்பட்ட மனிதன், பீதியில் எட்டி அடிவைத்து ஓடாமல், பாதங்களை ஒன்றோடொன்று ஒட்டி, நிலத்தைவிட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும் என்பது இதே தத்துவத்தின் நேர்ப் பிரயோகம்.

இது மின்னோட்டப் பாடத்துக்குரியதாயிற்றே, நிலைமின்னியலில் எதற்கு என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். மின்னழுத்தம் மாணவனுக்கு அறிமுகமாவதே நிலைமின்னியலில்தான்; அதன் வேறுபாட்டை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிட்டு, முடிவிலாத் தொலைவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பதால் பாடத்திட்டத்துக்கு யாதொரு நஷ்டமும் இல்லை.