‘விக்காதீங்க’ என்று சொல்ல ஒரு சேமிப்பு

சொத்து முகவராக வர விரும்பும் இளையர்கள் பெரும்பாலும் தேர்வில் தேறிய பிறகுதான் என்னைத் தேடி வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “கஸ்டமரை எப்படிக்கா பிடிக்கிறது?” ஏதோ மீன் பிடிக்கிற மாதிரி. அது இருக்கட்டும். நான் திருப்பிக் கேட்பது வேறு: “ஆறு மாசத்துக்கு ஒரு வெள்ளிகூட வரலைன்னா வீட்டுச் செலவுக்கு என்ன செய்வீங்க?”

அந்தக் கேள்விக்குத் தயாராக வந்தவர்களை நான் இதுவரை அதிகம் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் பதிவு பெற்ற சொத்து முகவர்கள் 35,000 பேருக்கும் மேல். பெரும்பாலோர் என்னைப்போல் சுயதொழில் செய்பவர்கள். ஒரு நிறுவனத்தின் பெயரட்டை கையில் இருக்கும். ஆனால் அடிப்படைச் சம்பளம் கிடையாது, முதலாளி போடும் மசேநி கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது. ஆண்டுக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்குக்கு நாமே பணம் கட்ட வேண்டும். ஆக, காலையிலிருந்து இரவுவரை பிறர் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் அதே ஆள், ஓர் ஆள் கடை ஒன்றையும் நடத்திக்கொண்டிருக்கிறார். வாடிக்கையாளர் வேலை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கடை வேலை கூப்பிடாது. அதனால்தான் பலர் அதைக் கவனிப்பதில்லை.

பணம் எப்படி வருகிறது என்று பாருங்கள். நவம்பர் கடைசியில் ஒரு வீவக மறுவிற்பனை வீட்டுக்கு ஆப்ஷன் பத்திரம் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதைச் செயல்படுத்த வாங்குபவருக்கு 21 நாள் அவகாசம். பிறகு இரு தரப்பும் வீவக இணையத்தளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். ஒருவர் போட்ட 7 நாளுக்குள் மற்றவரும் போட்டாக வேண்டும். வீவக விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஏறக்குறைய 8 வாரத்தில் சாவி கைமாறும். அதன் பிறகே கமிஷன் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் பங்கு கழிந்து என் கணக்குக்கு வரும். அதற்குள் மார்ச் வந்துவிடும். அந்த வீட்டுக்காக நான் ஓடத் தொடங்கியதோ செப்டம்பரில். இடைப்பட்ட ஏழு மாதமும் விளம்பரம், பெட்ரோல், கார் நிறுத்தக் கட்டணம் எல்லாம் என் பையிலிருந்துதான்.

நம் ஆட்களோடு வேலை செய்தால் இன்னொரு நாள்காட்டியும் உண்டு. ஆடியில் புது வீட்டுப் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஆடி முடிகிற நேரத்தில் சீனர்களின் ஏழாம் மாதம் வந்து நிற்கும். அவர்களிலும் அப்போது வீடு வாங்கத் தயங்குபவர்கள் உண்டு. அப்புறம் தீபாவளி, பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு. இதற்கு நடுவே நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் தவிர்த்துத்தான் கையெழுத்து. நானும் பார்ப்பேன், அது வேறு விஷயம்.

இந்த இடைவெளியைத் தாங்கப் பணம் இல்லாத முகவர் சோம்பேறியாவதில்லை. அவசரக்காரராகிறார். அங்கேதான் வாடிக்கையாளருக்கு ஆபத்து.

உட்லண்ட்ஸில் ஒரு தம்பதி. இருவருக்கும் நாற்பது வயது. நாலறை வீட்டை விற்றுவிட்டு 13 லட்சம் வெள்ளிக்கு ஒரு கொண்டோமினியம் வாங்க ஆசை. அவர்கள் வீடு அன்றைய நிலவரத்தில் 520,000 வெள்ளிக்குப் போகும். 12 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விலையோடு ஒப்பிட்டுவிட்டு, “நல்ல லாபம்கா” என்றார் கணவர். நான் ஒரு தாள் கேட்டேன்.

வீட்டுக் கடன் பாக்கி 165,000 வெள்ளி. மசேநியிலிருந்து எடுத்த தொகையை, அந்தக் கணக்கிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியோடு திரும்பப் போட வேண்டும். 100,000 வெள்ளி எடுத்திருந்தால் 12 ஆண்டில் அது ஏறக்குறைய 134,500 ஆகியிருக்கும். இவர்கள் இருவருக்கும் சேர்த்து 300,000 வெள்ளி திரும்பப் போக வேண்டியிருந்தது. கையில் மிஞ்சுவது 55,000. என் கமிஷன் 2 விழுக்காடு என்று பேசியிருந்தோம், 10,400 வெள்ளி. வழக்கறிஞர் செலவும் போனால் 42,000 சொச்சம். புது வீட்டுக்கு வங்கிக் கடன் எடுப்பவர்கள் விலையில் 5 விழுக்காட்டைக் கட்டாயம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். அதாவது 65,000 வெள்ளி. முன்பணத்தின் மீதி 20 விழுக்காடு 260,000, முத்திரைத் தீர்வை 36,600. இவை இரண்டையும் கூட்டினால், திரும்பிவந்த மசேநிப் பணத்தைக் கிட்டத்தட்டத் துடைத்துவிடும்.

ரொக்கத்துக்குத் துண்டு விழும் இருபத்திரண்டாயிரத்தை அம்மாவின் நகையை வைத்துப் புரட்டலாம் என்றார் கணவர். வங்கியும் கடன் கொடுக்கும்; இருவர் சம்பளத்துக்கும் 55 விழுக்காட்டு வரம்புக்குள் கணக்கு வந்தது. 975,000 வெள்ளிக் கடன், 25 ஆண்டு, 3 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை 4,600 வெள்ளிக்கு மேல். விற்கத்தான் வேண்டும் என்றிருந்தால் அன்றே ஒப்பந்தம் போட்டிருக்கலாம். விதிப்படி எதுவும் தவறில்லை.

மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்ன ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. அவருடைய அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அடுத்த ஆண்டு வேலையைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாராம். கணவருக்கு அது தெரியும். ஆனால் இரண்டு பேச்சையும் ஒரே தாளில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

“இப்ப விக்காதீங்க” என்றேன்.

“என்னக்கா, விக்கச் சொல்லிக் கூப்பிட்டா விக்காதீங்கன்றீங்க?” என்று சிரித்தார் அவர். ஒரு சம்பளத்தில் 4,600 எப்படிக் கட்டுவது என்று அடுத்த வரியை எழுதிக் காட்டிய பிறகு சிரிக்கவில்லை. அவர்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இதை என் நல்ல குணத்துக்குச் சான்றாகச் சொல்லவில்லை. அந்த மாதம் என்னிடம் ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருந்தது. அதனால் வாய் திறந்தது. மகனின் டியூஷன் கட்டணமும் கார் தவணையும் நிலுவையில் இருந்திருந்தால், மனைவி சொன்ன அந்த வரி என் காதில் விழுந்திருக்குமா? சத்தியம் செய்யமாட்டேன். நேர்மையான ஆலோசனைக்கு ஒரு வங்கிக் கணக்கும் தேவைப்படுகிறது. இந்தத் தொழிலில் பலரும் பேசத் தயங்கும் விஷயம் இதுதான்.

நான் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கமிஷன் முழுவதும் தொழில் கணக்கு ஒன்றில்தான் விழும். அங்கிருந்து மாதம் ஒரு தொகையை எனக்கு நானே சம்பளமாக வீட்டுக் கணக்குக்கு மாற்றுவேன். நல்ல மாதத்திலும் அதே தொகைதான், அதில்தான் கட்டுப்பாடு தேவை. கால் பங்கு வருமான வரிக்கும் மெடிசேவுக்கும் ஒதுங்கிவிடும். வரிப் படிவத்தை ஏப்ரல் 18க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். புதியவர்களுக்கு ஒரு தகவல்: ஆண்டுக் கமிஷன் 50,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்கள், அதில் 25 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளும் எளிய முறையும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு. கணக்கு, விளம்பர எழுத்து, புது விதிகள், பழைய வாடிக்கையாளருக்கு ஒரு போன் எல்லாம் அப்போதுதான். முன்பின் தெரியாத எண்களுக்கு வரிசையாக அழைப்பது எனக்குப் பிடிக்காது; விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிந்தவர்களை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் அழைக்க 2014லிருந்து சட்டமும் இடம் தருவதில்லை. ஒரே நேரத்தில் ஐந்து குடும்பங்களுக்கு மேல் ஏற்பதில்லை. ஆறாவதாக வருபவரை நம்பிக்கையான வேறொரு முகவரிடம் அனுப்பிவிடுவேன்.

ஐந்துக்கே காரணம் இருக்கிறது. வாடிக்கையாளர் வேலையில் சுருக்க முடியாத சில விஷயங்கள் உண்டு. ஓர் இந்தியக் குடும்பம் வீட்டை விற்க வந்தால், விலை பேசும் முன் அந்த புளோக்கின் இன விகிதாசாரத்தைப் பார்க்க வேண்டும். சீனர் வரம்பு நிறைந்திருந்தால் அவர்கள் சீனருக்கு விற்க முடியாது, வாங்கும் கூட்டம் சட்டென்று சுருங்கிவிடும். எண்கள் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் மாறும். ஜூனில் சொன்ன விலை ஜூலையில் செல்லாமல் போகலாம். அதேபோல், கடனோ மசேநியோ பயன்படுத்தி வாங்குபவர் ஆப்ஷன் கிடைத்த அடுத்த வேலை நாளுக்குள் வீவகவிடம் வீட்டு மதிப்பைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பு குறைந்து வந்தால் வித்தியாசம் முழுக்க ரொக்கம். இதையெல்லாம் இரவு பதினொரு மணிக்கு அரைத் தூக்கத்தில் செய்யக்கூடாது. ஒன்பதரைக்கு மேல் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை, ஆப்ஷன் கெடு முடியும் நாளைத் தவிர.

அப்புறம் சொந்தக்காரர்கள். தேக்காவில் காய்கறி வாங்கும்போது ஒரு சித்தப்பா வழிமறிப்பார். “நம்ம வீட்டுப் பொண்ணு, உனக்குப் போய் கமிஷனா?” இன்னொருவர், வாங்குபவரும் நம் ஆள்தானே, இரண்டு பக்கமும் நீயே பார்த்துக்கொள் என்பார். ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் முகவராக இருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. முன்பணத்தை உறையில் போட்டு என் கையில் திணிக்கப் பார்த்தவர்களும் உண்டு. வீடு விற்கும் வாங்கும் பணத்தை முகவர் கையால் தொடவே கூடாது. இதை அன்பாகச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. கமிஷன் இவ்வளவுதான் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை, பேசி முடிவு செய்வதுதான். அதனால் சித்தப்பாவுக்கும் முதல் சந்திப்பிலேயே விகிதத்தை எழுத்தில் கொடுத்துவிடுவேன். குறைத்துக் கொடுத்தாலும் எழுத்தில்தான். ஒருமுறை கோபித்துக்கொண்டு போன ஒரு பெரியப்பா, இரண்டு மாதம் கழித்து அதே தாளோடு திரும்பி வந்தார்.

வீட்டை விற்கும் யோசனையில் இருப்பவர்கள், முகவரைக் கூப்பிடும் முன்பே சிங்பாஸ் வழியாக மசேநி கணக்குக்குள் போய், வீட்டுக்காக எடுத்த தொகையும் அதன் வட்டியும் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். கணவன், மனைவி இருவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, “கையில ஒரு லட்சம் நிக்கும்” என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.